பவளத்தின் முதுகைப் பார்த்து எழுதியது: கான்பூர் எண்டூரன்ஸ் சேணம், எட்டு மாதங்களுக்குப் பிறகு

ஒரு சேணம் நல்லதா இல்லையா என்பதை அதன் மேல் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்வதைவிட, அதைக் கழற்றிய பின் குதிரையின் முதுகைப் பார்த்து முடிவு செய்வதே நேர்மையான வழி என்று நான் நம்புகிறேன். சென்ற தை மாதத்தில் ஒரு நாள், காங்கேயத்துக்குத் தெற்கே ஊதியூர் மலையைப் பார்த்தபடி செல்லும் மண்தடங்களில் 40 கிலோமீட்டர் ஓடி முடித்து வந்து, குஜராத்தின் கத்தியவார் இனத்தைச் சேர்ந்த என் பெண்குதிரை பவளத்தின் சேணத்தை இறக்கியபோது, அவள் முதுகின் இரு பக்கங்களிலும் வியர்வை சீராகப் படிந்திருந்தது. முதுகெலும்பின் மேல் மட்டும் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு நீண்ட பட்டை உலர்ந்திருந்தது. இரு பக்க மெத்தைகளுக்கும் இடையிலுள்ள காற்றுப்பாதை எலும்பைத் தொடாமல் நின்றிருக்கிறது என்பதற்கு அந்தப் பட்டையே சான்று. மற்ற இடங்களில் எங்கும் காய்ந்த திட்டு இல்லை. இந்த மதிப்புரையை எழுதலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

நீள்தொலைவு ஓட்டத்துக்கான இந்த எண்டூரன்ஸ் சேணத்தைச் சென்ற ஆனி மாதத்தில் ஒரு முகவர் வழியாக வாங்கினேன். கான்பூரில் எருமைத் தோலில் தைக்கப்பட்டது. கால் வைக்கும் அங்கவடிகளும் வயிற்றுவாரும் சேர்த்து 34,000 ரூபாய். அடியில் விரிக்கும் துணியைத் தனியாக வாங்க வேண்டும். வீட்டுத் தராசில் வைத்தபோது சேணம் மட்டும் 6 கிலோ 300 கிராம் இருந்தது. கான்பூர்ச் சேணத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: ஆங்கிலேயர் காலத்தில் இராணுவத்துக்குச் சேணமும் குதிரைக் கோப்பும் செய்வதற்காக 19ஆம் நூற்றாண்டில் அங்கே தொழிற்சாலை எழுந்தது, அதைச் சுற்றி வளர்ந்த கைத்தொழில் இன்று வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் அளவுக்குப் பெருகி, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஐரோப்பியச் சேணங்கள் இலட்சத்துக்கு மேல் விற்கும்போது, நம்மைப் போன்றவர்களுக்குக் கான்பூர்தான் கதி. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

எண்டூரன்ஸ் சேணம்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கான காரணத்தைச் சொல்லாமல் சேணத்தைப் பற்றிச் சொல்வதில் பொருளில்லை. குதிரையேற்றத்தில் ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் பிரிவின் மேல் ஏன் அத்தனை பற்று வைத்திருக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள், அவர்களுடைய சேணங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும். டிரெஸ்ஸாஜ் சேணத்தின் பக்கமடல் நேராகக் கீழே நீண்டு தொங்கும். இருக்கை கிண்ணம் போல ஆழமாக இருக்கும். 20க்கு 60 மீட்டர் அளவுள்ள களத்துக்குள், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத சைகைகளால் குதிரையை நடத்துவது அந்தக் கலை. ஆகவே ஓட்டுபவரின் கால் நீண்டு தொங்கவும், இடுப்பு அசையாமல் ஊன்றவும் ஏற்றபடி அந்தச் சேணம் அமைந்திருக்கிறது. கோவையில் டிரெஸ்ஸாஜ் பயிலும் என் தோழி, மாதக்கணக்கில் ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, தான் நினைத்த மாத்திரத்தில் குதிரை வளைந்துகொடுத்த ஒரு காலைப் பொழுதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தழுதழுக்கும். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வரும் அணிப் பிரிவில் தங்கம் வென்றதும் இந்தக் கலையில்தான். 1982 தில்லிப் போட்டிக்குப் பின் 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த தங்கம் அது. அன்று என் தோழி தொலைபேசியில் அழுததை நான் மறக்கவில்லை.

தடை தாண்டும் ஷோ ஜம்பிங் சேணத்தில் அதே பக்கமடல் முன்னோக்கி வளைந்து, இருக்கை சற்றுத் தட்டையாகிவிடும். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ கப்ரில்லி, குதிரை தாவும்போது ஓட்டுபவர் பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கும் பழைய வழக்கம் குதிரைக்கு வலியைத் தருகிறது என்று கண்டு, முன்னே குனிந்து அதன் முதுகை விடுவிக்கும் முறையை வகுத்தார். அதன் பிறகே அங்கவடி குட்டையாகவும் மடல் முன்னே தள்ளியும் அமையத் தொடங்கின. ஒரு கட்டை விழுந்தால் 4 தண்டப் புள்ளிகள். அந்த ஓரிரு நொடிகளின் துணிவுக்காகவே அவர்கள் ஆண்டு முழுவதும் உழைக்கிறார்கள். ஈவென்டிங் ஓட்டுபவர்களோ இந்த இரண்டோடு காட்டுவெளித் தடை ஓட்டத்தையும் சேர்த்து மூன்றையும் ஒரே குதிரையில் செய்கிறார்கள். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெங்களூரைச் சேர்ந்த ஃபுவாத் மிர்சா தனிநபர் வெள்ளி வென்றது அந்தப் பிரிவில். இவற்றில் எதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் என் மனம் சென்று நின்ற இடம் வேறு.

எண்டூரன்ஸ் என்பது நீள்தொலைவு ஓட்டம்: 40, 80, 120, 160 கிலோமீட்டர் என்று தூரங்கள் விரியும். 1955இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 100 மைல் தூரத்தை 24 மணி நேரத்துக்குள் கடக்கும் டெவிஸ் ஓட்டம் தொடங்கியதிலிருந்து இந்தப் பிரிவின் நவீன வரலாற்றைச் சொல்வார்கள். முடிப்பதே வெல்வது என்பது இதில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் சொல். தூரம் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிப்பார். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும் நாடித்துடிப்பு, ஓடி வந்த பின் குறித்த நேரத்துக்குள் பொதுவாக 64க்கு இறங்கியாக வேண்டும். ஈறை அழுத்தி இரத்தம் திரும்பும் வேகத்தைப் பார்ப்பார். தோலைக் கிள்ளி நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். வயிற்றில் குடல் அசைவின் ஒலியைக் கேட்பார். ஓட்டிக்காட்டச் சொல்லி நொண்டல் இருக்கிறதா என்று கவனிப்பார். பிறகு இரு கை விரல்களாலும் முதுகை நெடுக அழுத்திக்கொண்டே போவார். இவற்றில் எது தவறினாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. முதலில் வந்து சேர்ந்தவராக இருந்தாலும் குதிரை நலமாக இல்லையென்றால் அவர் வென்றவர் அல்லர்.

நான் இந்தப் பிரிவை நேசிப்பதற்கு அந்த ஒரு விதியே காரணம். தீர்ப்பைச் சொல்லும் உரிமை குதிரையின் உடம்புக்கு இருக்கிறது. மேலும், நான் ஓட்டும் நிலம் எனக்கு முன்பே தெரிந்த நிலம். காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பகுதியின் கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிக்கு உள்ளே கொழுக்கட்டைப் புல் மண்டிக் கிடக்க, வெள்வேல மரத்தடியில் காங்கேயம் மாடுகள் படுத்திருப்பதைப் பார்த்தபடி, பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட (பி.ஏ.பி.) வாய்க்கால் கரையிலோ இருபுறமும் வேலியுள்ள இட்டேரியிலோ விடியலுக்கு முன் இரண்டு மணி நேரம் நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஒரே சீரான பெருநடையில் போகும்போது, பவளத்தின் மூச்சு இரண்டு தாளமாகவும் என் மூச்சு ஒரு தாளமாகவும் சேர்ந்துகொள்ளும் ஒரு நேரம் வரும். அங்கே பார்ப்பதற்கு யாரும் இல்லை, கைதட்டுவதற்கும் யாரும் இல்லை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்பதைப் பள்ளியில் படித்தபோது வியப்பாக இருந்தது. இப்போது அது மிக இயல்பாகத் தோன்றுகிறது.

அத்தனை நேரம் என் உடல் எடை அவள் முதுகின் மேல் இருக்கிறது. இங்கேதான் சேணம் முதன்மையாகிறது. எண்டூரன்ஸ் சேணத்தின் அடிமெத்தைகள் மற்ற சேணங்களைவிட நீளமாகவும் அகலமாகவும் இருக்கும். எடை பரந்த இடத்தில் பரவும். அதே நேரத்தில் அது தோள்பட்டை எலும்புக்குப் பின்னே தொடங்கி, 18ஆவது விலா எலும்போடு நின்றுவிட வேண்டும். அதற்கு அப்பால் எடையைத் தாங்கும் விலாக்கூடு கிடையாது. பவளம் போன்ற கத்தியவார்க் குதிரைகளுக்கு முதுகு குட்டை, கழுத்தும் முதுகும் சேரும் இடத்திலுள்ள தோள்மேடு குறுகியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் அவளை வாங்கியபோது, என் அப்பா வழக்கம்போலச் சுழி பார்த்தார். நான் முதுகைத் தடவிப் பார்த்தேன். அன்றே தெரியும், இவளுக்குச் சேணம் கிடைப்பது எளிதல்ல என்று.

முன்பு வைத்திருந்த பொதுப்பயன் சேணம், வெளிநாட்டு இனங்களின் அகலமான முதுகுக்காக அமைந்தது. அது முன்னே இறங்கித் தோள்மேட்டில் உட்கார்ந்தது. சேணத்தைக் கண்டாலே பவளம் உள்நோக்கி வளைந்த தன் காதுகளைப் பின்னால் மடக்குவாள். வயிற்றுவாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருவாள். பிடிவாதக்காரி என்று பலர் சொன்னார்கள். 20 கிலோமீட்டர் ஓடிய ஒரு நாளில், முதுகு முழுவதும் நனைந்திருக்க, தோளுக்குப் பின்னே இரு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு உலர்ந்த திட்டுகளைக் கண்டேன். மிகையான அழுத்தத்தில் வியர்வைச் சுரப்பி வேலை செய்யாமல் போன இடங்கள் அவை. அப்படியே விட்டால் பிறகு அங்கே வெள்ளை முடி முளைக்கும். அவள் வலியை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைப் பிடிவாதம் என்று நானும் ஓராண்டு நம்பியிருந்தேன் என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

புதிய சேணத்தை வாங்கும் முன், வளைந்து நிலைக்கும் ஈயக் கம்பியைத் தோள்மேட்டின் மேல் வைத்து அழுத்தி, அந்த வடிவத்தைத் தாளில் வரைந்து மூன்று இடங்களில் அளவெடுத்து அனுப்பினேன். முகவர் அதைப் பெற்றுக்கொண்டு சேணத்துக்குள் இருக்கும் சட்டத்தைக் குறுகலாக அமைத்துச் செய்யச் சொன்னார், இது பாராட்டத்தக்கது. வந்த சேணத்தைத் துணி இல்லாமல் வெறும் முதுகில் வைத்துப் பார்த்தபோது தோள்மேட்டுக்கு மேல் மூன்று விரல் இடைவெளி இருந்தது. நான் ஏறிய பின்னும் இரண்டு விரல் நுழைந்தது. சட்டத்தின் முன்பக்கக் கோணம் தோளின் கோணத்தோடு ஒத்துப்போயிற்று. நடுவில் கையை விட்டுப் பார்த்தபோது முன்னும் பின்னும் மட்டும் தொட்டுக்கொண்டு நடுவில் பாலம் போல நிற்கும் குறையும் இல்லை. முதல் வாரத்திலேயே காதுகள் முன்னே நின்றன. கடிக்க வருவது மூன்று வாரத்தில் நின்றது; அவள் நம்புவதற்கு அவ்வளவு நாள் தேவைப்பட்டது.

ஓட்டுபவருக்கான வசதியில் குறை சொல்ல அதிகம் இல்லை. இருக்கையின் மேல் ஆட்டுரோம விரிப்பு போட்டுக்கொண்டால் நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் தொடை உரசாது. அங்கவடியின் மிதி அகலமாக இருப்பதால் பாதம் மரத்துப்போவதில்லை. முன்னே கூடு இருப்பதால் குதிகால் இல்லாத காலணியோடு ஓட்டினாலும் பாதம் உள்ளே நழுவி மாட்டிக்கொள்ளாது. இது வசதிக்கு மேலான பாதுகாப்பு. நீர்க்குப்பியும், வழியில் வாய்க்காலில் நனைத்துக் கழுத்தில் பிழிவதற்கான பஞ்சும் கட்டுவதற்கு முன்னும் பின்னுமாக ஆறு வளையங்கள் இருக்கின்றன. பெருநடையில் எழுந்து உட்காரும்போது குதிரையின் எந்தத் தோள் முன்னே போகும்போது எழுகிறோம் என்பதைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது எங்கள் பிரிவின் பால பாடம். அப்படி மாற்றும்போது இந்தச் சேணம் பக்கவாட்டில் புரளுவதில்லை.

இனி, குறைகள். முதலாவது, இடப்பக்க மெத்தையில் திணித்திருந்த கம்பளி வலப்பக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. பின்னாலிருந்து பார்த்தபோது சேணம் விரல் தடிமன் அளவுக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் வயிற்றுவாரைப் பூட்டும் பட்டைகளில் ஒன்றின் தையல் பிரியத் தொடங்கியது. ஓடும்போது அது அறுந்திருந்தால் சேணத்தோடு நானும் கீழே விழுந்திருப்பேன். ஆகவே இதைச் சிறு குறையாக எண்ண இயலாது. முகவருக்குப் படங்களோடு எழுதினேன். பட்டைக்கு மாற்று அனுப்ப ஐந்து வாரங்கள் எடுத்துக்கொண்டார். கம்பளியைப் பற்றி, பயன்படுத்தினால் படிந்துவிடும் என்று மட்டும் பதில் வந்தது. புதுக் கம்பளி முதல் சில வாரங்களில் படியும் என்பது உண்மையே. ஆனால் இரு பக்கமும் ஒரே அளவில் திணித்திருந்தால்தான் ஒரே அளவில் படியும்.

கடைசியில் ஈரோட்டில், மாட்டுவண்டிக்கும் ரேக்ளா வண்டிக்கும் வார் தைக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் சேணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, தையலை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "தோலு நல்ல தோலுங்க அம்மிணி, தச்ச கைதான் அவசரப்பட்டிருக்குது" என்றார். பட்டை நான்கையும் பிரித்து, மெழுகு பூசிய நூலில் இரண்டு ஊசிகளை எதிரெதிரே கோத்துக் கையாலேயே தைத்தார். ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்த கண்ணி பிடித்துக்கொள்ளும் தையல் அது. மெத்தையின் அடியில் இருந்த சிறு பிளவு வழியே கம்பளியை நிரப்பி, மரக்குச்சியால் நிரவி, இரண்டு பக்கத்தையும் கையால் எடைபோட்டுப் பார்த்தார். வயிற்றுவாருக்கு மாற்றாக ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலில் ஒன்றைச் செய்து தந்தார். எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். ஆவாரம் பட்டைத் தோல் வியர்வையின் உப்புக்கு எவ்வளவு தாங்கும் என்பதை இந்தப் பக்கத்தில் தலைமுறையாக மாட்டுவார் கட்டியவர்கள் அறிவார்கள். இன்று கான்பூர் வயிற்றுவாரைவிட அந்தத் தோல்தான் மென்மையாக இருக்கிறது.

பராமரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் அடிக்கும் வறண்ட காற்றில் தோல் விறைத்துப் போகிறது. ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, கிளிசரின் சோப்புப் பூசி, நிழலில் காய வைக்கிறேன். மாதம் ஒரு முறை ஆமணக்கெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவுகிறேன். வெயிலில் காய வைக்கவே கூடாது. மழைக்காலத்தில் சேணத்தை லாயத்தில் வைக்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்து, காற்றோடும் அறையில் கட்டையின் மேல் வைத்தேன். பூஞ்சை ஒரு முறை மட்டும் வந்தது, மடலின் உட்புறத்தில். உடனே துடைத்ததால் கறை படியவில்லை.

யார் வாங்கலாம்? கத்தியவார், மார்வார் குதிரை வைத்திருந்து, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அளவெடுத்து அனுப்பாமல் வாங்க வேண்டாம், வந்தவுடன் பட்டைத் தையலை ஒரு நல்ல கைத்தொழிலாளியிடம் காட்டாமல் ஏறவும் வேண்டாம். தடை தாண்டப் பயிலும் பிள்ளைகளுக்கு இது ஆகாது. இதன் மடல் முழங்காலுக்கு இடம் தராது. டிரெஸ்ஸாஜுக்கும் ஆகாது. என் தோழி ஒரு நாள் இதில் ஏறி ஓட்டிவிட்டு, குதிரையின் முதுகு தனக்கு வெகு தொலைவில் இருப்பதாகத் தோன்றுகிறது என்றார். அவருக்கு அந்த நெருக்கம் வேண்டும். எனக்கோ ஆறு மணி நேரத்துக்குப் பின்னும் அந்த முதுகு நோகாதிருக்க வேண்டும். ஒருவர் தேர்ந்த பிரிவே அவருக்கான சேணத்தையும் தேர்ந்துவிடுகிறது என்று அன்று இருவரும் பேசிக்கொண்டோம்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். ஒரு மதிப்பெண்ணைத் தையலுக்காகக் குறைத்திருக்கிறேன். தையில் ஓடி முடித்த அன்று, வந்து சேர்ந்தபோது 72 ஆக இருந்த பவளத்தின் நாடித்துடிப்பு, சேணத்தை இறக்கிக் கழுத்திலும் மார்பிலும் நீர் ஊற்றிய பின் ஒன்பதாவது நிமிடத்தில் 56க்கு வந்தது. எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் முதுகை நெடுக அழுத்திக்கொண்டே போனார். அவள் ஒரு தசையைக்கூடச் சுருக்காமல், வேலியோரத்துக் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தாள்.